நீலச் சஹன்

திருவேங்கடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். செய்யதம்மாளிடம் சீடராகச் சேர்ந்தபோது அவருடைய தலை முழுக்க நரைத்திருந்தது. செய்யதம்மாளுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் செய்யதம்மாளைத் தெரியாத பழம்பொருள் வியாபாரி கிடையாது. வெள்ளைப் பீங்கானில் நீல மையால் பூவும் பறவையும் எழுதிய தட்டோ ஜாடியோ கிண்ணமோ, எதைக் கொடுத்தாலும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். இது இன்ன காலத்தது, இது கையால் எழுதியது, இது அச்சில் ஒட்டியது என்று சொல்லிவிடுவார். மியூசியத்துக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

திருவேங்கடம் ஒரு கண்காட்சியில் அந்த நீலத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேறெதுவும் பிடிக்காமல் போய்விட்டது. விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லிக்கொடுங்கம்மா."

"என்ன தெரியணும் சார்?"

"எது அசல், எது போலி. அது போதும்."

செய்யதம்மாள் சிரித்தார். "அது போதும்னா உள்ளே வாங்க."

திருவேங்கடம் தன் மனத்தில் ஒரு கணக்கோடு வந்திருந்தார். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் மாணவர்களுக்கு ஓர் உப்பைக் கொடுப்பார். இந்தத் திராவகம் ஊற்றினால் வெள்ளையாகப் படிகிறதா, அப்படியானால் இது. மஞ்சளாகப் படிகிறதா, அப்படியானால் அது. பீங்கானுக்கும் அப்படியொரு வழி இருக்கும், அதைக் கற்றுக்கொண்டுவிட்டால் முடிந்தது என்று நினைத்தார்.

வழி இருக்கத்தான் செய்தது. செய்யதம்மாள் எதையும் ஒளிக்கவில்லை. அச்சு ஒட்டிய தட்டில் இந்த ஓரத்து இலையும் அந்த ஓரத்து இலையும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருக்கும். கையால் எழுதினதில் ஓர் இலை பருத்திருக்கும், இன்னொன்று மெலிந்திருக்கும், தூரிகையை எடுத்த இடத்தில் நீலம் தேங்கிக் கறுத்திருக்கும். தட்டின் அடியில் வளையம்போல ஒரு விளிம்பு உண்டு. அங்கே மெருகு இருக்காது, வெறும் மண் தெரியும். அந்த மண்ணின் தேய்மானம் பல பக்கமும் தாறுமாறாக இருந்தால் பழசு, ஒரே பக்கமாக இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

திருவேங்கடம் இதையெல்லாம் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் சரியாகச் சொன்ன பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

ஒருநாள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் எழுதியிருந்த ஆறு சீன எழுத்துகளைப் பார்த்தார்.

"இது நானூறு வருஷத்துக்கு முந்தின ராஜா பேரும்மா."

"சரி. எழுதினவன் போன தலைமுறை ஆளா இருந்தா?"

"அப்போ போலி. ஏமாத்த எழுதியிருக்கான்."

"அந்த ராஜா காலத்து வேலை மேல உள்ள மரியாதையில எழுதியிருந்தா? அப்படி எழுதற வழக்கமும் அங்கே உண்டே."

"அப்போ... அப்போ அது போலி இல்லையா?"

"நான் உங்களைக் கேட்டேன்."

"ஏமாத்தறதுக்கா, மரியாதைக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதான் சார்."

"அப்போ எப்படித்தான்..."

"டீ ஆறுது, குடிங்க."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது திருவேங்கடத்துக்குத் தலை சுற்றும். கற்றுக்கொண்டது கூடிக்கொண்டே போகிறதா, குறைந்துகொண்டே போகிறதா என்று அவருக்கே விளங்கவில்லை.

இப்படி இருக்கையில் தெற்கே ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஊரிலிருந்து செய்யதம்மாளுக்கு அழைப்பு வந்தது. பேசியவர் பெயர் மக்தூம். மலேசியாவில் கடை வைத்திருப்பவர். இளைய தங்கையின் நிக்காஹுக்காக ஊருக்கு வந்திருந்தார். அவர்கள் வீட்டில் ஒரு சஹன் இருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

சஹன் என்றால் பெரிய தட்டு. நடுவில் சோற்றைக் குவித்துவிட்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது அங்கே கல்யாண வழக்கம். மக்தூம் வீட்டுச் சஹன் நீலப் பூ எழுதிய பீங்கான். அவருடைய பூட்டனார் பாய்மரக் கப்பலில் சீனத்துக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு சிற்றரசர் கொடுத்தது, அப்போதே அது முந்நூறு வருஷத்துப் பழசு என்று வீட்டில் சொல்லி வந்தார்கள். அந்த வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வந்தாலும் முதல் சாப்பாடு அதில்தான்.

இப்போது கல்யாணத்துக்காக அதை வெளியே எடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த மக்தூமின் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது அவ்வளவு பழசாத் தெரியலையே" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மக்தூமுக்குச் சோறு இறங்கவில்லை.

செய்யதம்மாள் புதுச்சேரியில் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போயே ஆக வேண்டும்.

"நீங்க போயிட்டு வாங்க சார்."

"நானா?"

"உங்களுக்குப் பார்க்கத் தெரியுமே."

திருவேங்கடத்துக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் உதறல். பூதக்கண்ணாடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பெரிய வீடு. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் வெள்ளைத் துணி விரித்துச் சஹனைத் தயாராக வைத்திருந்தார்கள். மக்தூம் எதிரே உட்கார்ந்தார். தூணோரமாக ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவர் யாகூபு மச்சான். என் பெரிய தங்கச்சி ஜைனம்பு மாப்பிள்ளை" என்றார் மக்தூம்.

அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டிக்கொண்டவர் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மக்தூம் கடலுக்கு அப்பால் இருக்க, இத்தனை காலமும் வீட்டையும் வீட்டுச் சாமான்களையும் பார்த்துக்கொண்டது யாகூபு. சாமான் அறையின் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

திருவேங்கடம் பார்த்தார். அவசரப்படவில்லை. நடுவில் தாமரைக் குளம், ஓரத்தில் கொடி. கையால் எழுதியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீலத்தில் கறுப்புப் பொட்டுகள் இருந்தனவே, அவை அவரை உறுத்தின. பழைய காலத்து நீலம் சூளையில் வேகும்போது தானாகவே அங்கங்கே கறுத்துப்போகும். எங்கே கறுக்கும் என்று எழுதினவருக்கே தெரியாது. இந்தச் சஹனிலோ ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு பொட்டு, அளந்து வைத்தாற்போல. பழையதைப் பார்த்துச் செய்கிறவன் தூரிகையால் தொட்டு வைத்த பொட்டு. மடியில் கவிழ்த்துப் பார்த்தார். அடி விளிம்பின் மண்ணில் பழுப்புச் சாயம் தேய்த்திருந்தது. ஓரிடத்தில் மணல் கட்டி ஒன்று சூளையிலேயே ஒட்டி இறுகியிருந்தது. கவனமில்லாத வேலை என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன சார்?" என்றார் மக்தூம்.

"நீங்க சொல்ற காலத்துத் தட்டு இல்லைங்க இது. பின்னாடி யாரோ பழசைப் பார்த்துச் செஞ்சிருக்காங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ஜைனம்புதான்.

"நல்லாப் பார்த்தீங்களா ஐயா?"

"நல்லாப் பார்த்தேன்மா."

மக்தூம் தூண் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. தணிந்த குரலில்தான் கேட்டார்.

"சாவி உங்ககிட்டதானே மச்சான் இருந்துச்சு?"

யாகூபு அவரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

திருவேங்கடத்துக்கு என்ன நடந்தது என்று உடனே விளங்கவில்லை. தன்னிடம் தட்டைப் பற்றித்தான் கேட்டார்கள், தானும் தட்டைப் பற்றித்தான் சொன்னார். அதற்குள் ஒரு மனிதர் திருடராகி வெளியே போயிருக்கிறார். நல்ல தட்டை விற்றுவிட்டு அதன் இடத்தில் இதை வைத்துவிட்டார் என்று வீடு முழுக்கப் பேசத் தொடங்கிவிட்டது.

மறுநாள், புதுச்சேரியிலிருந்து திரும்பியிருந்த செய்யதம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"சரியாப் பார்த்தீங்களா சார்?"

"சரியாத்தான் பார்த்தேன். பொட்டு வச்சிருக்காங்க. சாயம் தேய்ச்சிருக்காங்க. வேணும்னா நீங்களே பாருங்க."

"யாகூபு என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. அதுவே சந்தேகமாத்தானே இருக்கு?"

"நீங்க அவரை ஏதாவது கேட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா கேட்கணும்? நான் தட்டுப் பார்க்கப் போனவன்."

"சஹனை வைக்கிற பெட்டியைப் பார்த்தீங்களா?"

"பெட்டியா? பெட்டியில என்ன பழசும் புதுசும் இருக்கு?"

செய்யதம்மாள் எழுந்து துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "வாங்க, போவோம்."

திருவேங்கடம் வழியெல்லாம் தன் பாடங்களை மனத்துக்குள் புரட்டிக்கொண்டே வந்தார். பொட்டில் தவறியிருப்பேனோ, சாயம் என்று நினைத்தது அழுக்கோ. ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது. தான் சொன்னது சரியானால் யாகூபு திருடர். யாகூபு திருடர் இல்லையென்றால் தான் சொன்னது தவறு. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். தான் தவறிவிட்டதாக இருந்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அது பிடிக்கவில்லை.

மக்தூம் வாசலுக்கே வந்து வரவேற்றார். கூடத்தில் அதே துணியில் சஹன் இருந்தது. செய்யதம்மாள் கையில் எடுத்தார், முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், வைத்துவிட்டார். இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும்.

"சார் சொன்னது சரி."

திருவேங்கடத்துக்கு நெஞ்சு லேசானது. உடனே கனத்தது.

மக்தூம் திரையைப் பார்த்துச் சொன்னார். "கேட்டுக்கிட்டியா ஜைனம்பு? எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தாலும் இதுதான்."

"தம்பி, இதை வைக்கிற பெட்டி இருக்குமே" என்றார் செய்யதம்மாள்.

"அது பழைய மரப்பெட்டிங்க. அதுக்கு என்ன?"

மக்தூம் எழுவதற்குள் ஜைனம்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சதுரமான தேக்குப் பெட்டி. சஹனின் அளவுக்கென்றே செய்தது. அடிப்பலகையில் தட்டு உட்கார்ந்து உட்கார்ந்து வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது.

"சார், சஹனை உள்ளே வைங்க."

திருவேங்கடம் வைத்தார். தட்டு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினால் ஆடியது.

"சரியா உட்காரலைம்மா. ஆடுது."

"பார்த்தீங்களா?" என்றார் மக்தூம். "இந்தப் பெட்டித் தட்டே இல்லை அது."

"கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புங்க சார்."

திருப்பினார். ஆடியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். அப்போதும் ஆடியது. முக்கால் சுற்று வந்திருக்கும். தட்டு சட்டென்று கீழே இறங்கி, டக் என்ற சத்தத்தோடு உட்கார்ந்தது. அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"இப்போ எடுத்துட்டுப் பலகையைப் பாருங்க."

எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். வட்டத் தடத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சின்னக் குழி இருந்தது. சஹனைக் கவிழ்த்தார். அடி விளிம்பில் ஒட்டியிருந்த மணல் கட்டி. குழியும் கட்டியும் ஒரே அளவு, ஒரே வடிவம். குழிக்குள் விரல் நுனியை விட்டார். உள்ளே வழவழவென்று, மற்ற மரத்தைப் போலவே கறுத்திருந்தது.

"இந்தக் குழியை யாராவது புதுசாத் தோண்டியிருக்க முடியுமா சார்? நீங்க ரசாயனம் படிச்சவர், நீங்க சொல்லுங்க."

"புதுசா வெட்டினா வெளுப்பாத் தெரியும்மா. இப்படிக் கறுக்கிறதுக்கு ஒரு ஆயுசு ஆகும். அழுந்தி அழுந்தித் தானா விழுந்த குழி இது. இந்தத் தட்டு..."

சொல்ல வந்தது அவருக்கே அப்போதுதான் கேட்டது.

"இந்தத் தட்டுதான் எப்பவும் இந்தப் பெட்டியில இருந்திருக்கு."

ஜைனம்பு பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மக்தூம் ஒருவர் முகத்தை விட்டு இன்னொருவர் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குப் புரியலை. இது பழசு இல்லைன்னு நீங்களும் சொன்னீங்களே?"

"ஆமா தம்பி."

"அப்போ எங்க பூட்டனார் கொண்டு வந்தது எங்கே?"

"இதுதான்."

"இது அசல் இல்லைன்னா, அசல் எங்கே?"

"இந்த வீட்டுக்கு வந்தது இது ஒண்ணுதான் தம்பி."

மக்தூமின் முகத்தைத் திருவேங்கடம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் திருட்டே நடக்கவில்லை என்று தெரிந்தால் ஒரு மனிதருக்கு நிம்மதி வரவேண்டும். மக்தூமுக்கு வரவில்லை. திருட்டுப் போனது என்று சொன்ன அன்றைக்குக்கூட அவர் முகம் இப்படி இருக்கவில்லை. அன்றைக்கு அசல் எங்கேயோ இருந்தது. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு அது எங்கேயும் இல்லை.

கடைசியில் மக்தூம் சொன்னார். "மச்சானை நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். தப்பு என்னோடதுதான். ஆனா தட்டு விஷயம் இந்தக் கூடத்தோட இருக்கட்டும். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா எங்க வீட்டுப் பேர் என்ன ஆகும்?"

ஜைனம்பு தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள்.

"அவர் ஏன் வீட்டை விட்டுப் போனார்னு ஊர் கேட்குமே காக்கா. அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"ஏதாவது சொல்லிக்கலாம்."

"திருடினார்னு நீங்க சந்தேகப்பட்டது எல்லார் காதுலயும் விழுந்தாச்சு. தட்டு பழசுன்னே வச்சுக்கிட்டா அவர் திருடி, பயந்து திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டார்னுதான் பேசுவாங்க."

மக்தூம் செய்யதம்மாளைப் பார்த்தார். அவர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றிருந்தார். மக்தூம் திருவேங்கடத்தைப் பார்த்தார். திருவேங்கடம் சஹனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு இருவருக்கும் அழைப்பு வந்தது. போனார்கள்.

மக்தூம் பக்கத்து ஊரில் யாகூபின் தாய் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாராம். யாகூபு அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நிக்காஹ் அன்று காலையில்தான் வந்து, யாரிடமும் பேசாமல் பந்தல் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் புது மாப்பிள்ளை உட்கார்ந்தார். நீலச் சஹன் வந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, "இதுதானா சீனத்து அரசர் கொடுத்தது?" என்று கேட்டார்.

மக்தூம் நின்ற இடத்தில் நின்றார்.

"அரசர் கொடுத்ததுன்னு நாங்க சொல்லிக்கிட்டு இருந்தோம். இல்லையாம். எங்க பூட்டனார் காலத்துல செஞ்ச தட்டுதான். யாரோ அவர்கிட்ட பழசுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. இல்லேன்னா அவரே வீட்டுல அப்படிச் சொல்லிட்டார். எதுன்னு தெரியலை." கொஞ்சம் நிறுத்தினார். "இதை வச்சு நான் யாகூபு மச்சானைத் தப்பாப் பேசிட்டேன். அதை நீங்க எல்லாரும் கேட்டீங்க. இதையும் கேட்டுக்குங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "சோறு ஆறுது, உட்காருங்க" என்றார். மக்தூம் சஹனின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து யாகூபைப் பார்த்தார். யாகூபு சற்று நேரம் நின்றுவிட்டு, எதிர் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார்.

திருவேங்கடத்துக்குத் தனியாகச் சாம்பார் சாதம் செய்து போட்டிருந்தார்கள். பாதியிலேயே எழுந்தார். கை கழுவும் இடத்தில் யாகூபு செம்போடு நின்றிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினார் திருவேங்கடம்.

"நீங்க சரியாத்தானே சார் சொன்னீங்க" என்றார் யாகூபு. கையை நீட்டச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று திருவேங்கடம் தேடிப் பார்த்தார். தெரியவில்லை. மன்னித்துவிட்டாரா என்றும் தெரியவில்லை. அதற்குள் அடுத்தவர் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஜைனம்பு சாவியைக் கொண்டுவந்து நீட்டியபோது யாகூபு வாங்கிக்கொள்ளவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சஹன்களை எடுக்கப் போனார்.

பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் திருவேங்கடம் நின்றுவிட்டார்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் புரியலை. நான் பார்த்தது சரி. சொன்னதும் சரி. நீங்களும் சரின்னு சொன்னீங்க. யாகூபும் இப்போ அதையேதான் சொல்றார். எல்லாமே சரின்னா, எங்கே தப்பாச்சு?"

"அன்னிக்கு யாகூபு படி இறங்கிப் போனாரே, நீங்க என்ன செஞ்சீங்க?"

"கூடத்துல உட்கார்ந்திருந்தேன்."

"எழுந்திருக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. ரெண்டு வார்த்தை கேட்கலாம்னுகூடத் தோணுச்சு. மடியில தட்டு இருந்துச்சு."

"கீழே வச்சிருக்கலாமே."

"சின்னப் பிள்ளைங்க ஓடி விளையாடிக்கிட்டு இருந்தாங்கம்மா. காலால தட்டிட்டா உடைஞ்சு போயிடும். அதான் ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

"இறுக்கிப் பிடிச்சது, பழசு இல்லைன்னு சொன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

திருவேங்கடம் யோசித்தார்.

"பின்னாடிதான்."

செய்யதம்மாள் தலையசைத்தார்.

"சரிதான் சார். அவரைப் பிடிச்சு நிறுத்தக் கை காலியா இருந்திருக்காது."